பாதி சுற்றிய கம்பி

பண்ணைவீட்டு நெல்லுக்கிடங்கில் நெல் இல்லாமல் போன பிறகுதான் எங்களுக்கு அங்கே அந்த வேலை வந்தது. நிலத்தில் பாதி நில உச்சவரம்புச் சட்டத்தில் போனது. மீதி கேஸில் கிடந்தது. கிடங்கு சும்மா கிடந்தது. பண்ணையாரின் மகன் வடக்கே பெரிய படிப்புப் படித்து அங்கேயே உத்தியோகத்தில் இருந்தவர். அப்பா செத்ததும் கேஸைப் பார்க்க ஊருக்கு வந்தார். கேஸ் இழுத்துக்கொண்டே போனது. அவரால் திரும்பிப் போக முடியவில்லை. வேலையை இங்கேயே கொண்டுவந்துவிட்டார்.

கிடங்கைக் கழுவ நானும் என் தங்கையும் போனோம். கழுவியதும் சுண்ணாம்பு அடித்தார்கள். சன்னலையெல்லாம் பலகை வைத்து அடைத்தார்கள். இருட்டுக்குள் இரண்டு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி. ஊரில் கள்ளநோட்டு அடிக்கப் போகிறார் என்று பேச்சு.

அவரைத் தெருவில் சின்னவர் என்போம். எங்களை வாங்க போங்க என்று கூப்பிட்ட முதல் பண்ணைவீட்டு ஆள் அவர்தான். முதல் நாள் அதைக் கேட்டு என் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அய்யா என்று கூப்பிட வேண்டாம், சார் என்று கூப்பிடுங்கள் என்றார். அவருக்குக் கை நடுங்கும். ஏதோ காய்ச்சலில் வந்ததாம். அதனால்தான் ஆள் தேடினார். நடவு நடுகிற கை வேண்டும் என்று கேட்டார். அது என்ன வேலை என்று நாங்கள் கேட்கவில்லை. கூலி நடவுக்கூலியைவிடக் கூட.

என் தங்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மா செத்தபோது அவள் சின்னப் பிள்ளை. எனக்குக் கல்யாணம் ஆனபோது என் கூடவே வந்துவிட்டாள். நான் படித்தது ஐந்தாவது. அவளை எட்டாவது வரை அனுப்பினோம். வாய் ஓயாது. வரப்பில் ஆள் வருவதற்கு முன்னால் அவள் பேச்சு வரும்.

வேலை இதுதான். தலைமயிரைவிட மெல்லிய கம்பி. பல்புக்குள் எரிகிற ஜாதிக் கம்பி என்றார். சின்ன உருளையில் சுற்றி வெளிநாட்டிலிருந்து வரும். அதை ஓர் இரும்புச் சட்டத்தில் வரிசையாகச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் கம்பியின் பருமன் அளவுக்குத்தான் சந்து. ஒருத்தி சக்கரத்தைத் திருப்புவாள். ஒருத்தி கம்பியைப் பார்த்து விடுவாள். கம்பி தளராமல் இருக்க வழியில் ஒரு சின்ன எடைக்கல் தொங்கும். சுற்றி முடித்த பிறகு பித்தளை வளையத்தை மேலே வைத்துப் பசை போட்டு ஒட்டி, காய்ந்ததும் சுற்றி வெட்டி எடுப்பார். வளையத்துக்குள் கம்பிகள் மட்டும் நிற்கும். வெறும் கண்ணால் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு துணி கட்டியதுபோல இருக்கும்.

மூச்சு பட்டால் கம்பி ஆடும். வாயில் துண்டைக் கட்டிக்கொள்வோம். மின்விசிறி கிடையாது. பேசக்கூடாது. தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். என் தங்கைக்கு இது பெரிய தண்டனை என்று நினைத்தேன். இல்லை. அவள் அங்கே பேசாமல் இருந்தாள். அப்படி அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். பத்து நாள் போயிருக்கும். வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தைத் தடவிப் பார்த்தாள்.

"காய்ஞ்சிருக்குக்கா" என்றாள்.

நடவு நாளில் சேற்றுத் தண்ணீரில் நின்று எங்களுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்திருக்கும். அவளுக்கு அந்தப் புண் சீக்கிரம் ஆறாது. எனக்கும்தான். ஆனால் நான் அதைப் பற்றி நினைத்ததில்லை.

அது எதற்கு என்று அவள்தான் சாரைக் கேட்டாள். அடுப்பை அணைத்த பிறகும் கையை நீட்டினால் சூடு தெரிகிறதல்லவா, அதுவும் ஒளிதான், கண்ணுக்குத் தெரியாத ஒளி என்றார். வானத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவில் தூசி இருக்கிறதாம். அந்தத் தூசியிலிருந்து இப்படிச் சூடு வருகிறதாம். அது ஆடிக்கொண்டே வரும். நாங்கள் சுற்றுகிற சட்டம், கம்பி ஓடுகிற பக்கமாக ஆடுவதைத் திருப்பி அனுப்பிவிடும். குறுக்கே ஆடுவதை உள்ளே விடும். சட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்தால் எந்தப் பக்கம் ஆட்டம் அதிகம் என்று தெரிந்துவிடும். தூசியெல்லாம் ஒரு பக்கமாக நின்றால் ஆட்டமும் ஒரு பக்கமாக இருக்கும். அப்படி நிறுத்துவது ஒரு காந்த இழுப்பு. இழுப்பைப் பார்க்க முடியாது. தூசி நிற்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"காத்தடிச்சா பயிர் சாயுற மாதிரி" என்றாள் தங்கை.

"அப்படித்தான்" என்றார்.

அந்தச் சூடு தரைக்கு வந்து சேராதாம். நடுவில் காற்றில் இருக்கிற ஈரம் குடித்துவிடும். அதனால் தொலைநோக்கியைப் பெரிய பலூனில் கட்டி மேலே அனுப்புவார்கள். ஆந்திரா பக்கம் அதற்கு இடம் இருக்கிறது. மேல்காற்று திரும்புவதற்குள் அனுப்பிவிட வேண்டும். இல்லையென்றால் மறுவருஷம்தான். எனக்கு இதில் பாதி அன்றைக்குப் புரியவில்லை. அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் புரிந்தது.

முதலில் சுற்றிய சட்டம் வீணாகப் போனது. நடுவில் ஒரு கம்பி அறுந்துவிட்டது. சார் டவுனுக்குப் போயிருந்தார். நான் சக்கரத்தை நிறுத்திவிட்டு வெளியே உட்கார்ந்தேன். அவள் உள்ளேயே இருந்தாள். நடவில் சந்து விட்டால் பண்ணையை மேற்பார்க்கிற காரியக்காரர் அம்மா ஆத்தாள் என்று ஏசுவார். அது எங்கள் உடம்பில் ஊறிய பயம். ஒரு குத்து நாற்று விட்டுப்போனால் பின்னாலேயே போய் ஊன்றிவிட்டு வருவோம். அவள் தன் தலையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி அந்தச் சந்தில் வைத்து, இரண்டு முனையிலும் பசை தொட்டு ஒட்டிவிட்டாள்.

சார் வந்து லென்ஸை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது என்னங்க?"

"சந்து விழுந்துச்சுங்க சார். ஊனிட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். பண்ணைவீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், சந்து இருந்தால்கூடப் பரவாயில்லை, ஒன்று போனால் ஒன்றும் கெடாது. மயிர் கம்பியைவிடப் பருமன். அது இரண்டு பக்கத்துக் கம்பியையும் தள்ளிவிட்டது. சட்டத்தைக் கழற்றிப் போட்டோம். கம்பி வீண். அவர் திட்டவில்லை. தெருவுக்கு வந்ததும் அவளே எல்லாரிடமும் சொன்னாள். தண்ணீர்க் குழாயடியில் ஒரு மாதம் அதுதான் பேச்சு. மயிரை ஒட்டி வானத்துக்குப் போகப் பார்த்தவள் என்று கேலி.

அந்த வருஷம் ஐப்பசியில் அவளுக்குக் கல்யாணம் பேசினோம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பையன். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வட்டாரம் முழுக்க சைக்கிளில் அலைகிற ஆள். என் வீட்டுக்காரர் எங்கள் தெருவுக்குச் சங்கத் தலைவர். அந்த வழியில் பழக்கம். பையன் எங்கள் வீட்டுக்கு வந்து போவான். அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. ஒரு நாள் கிடங்கைக் காட்டச் சொல்லி வந்தான். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்தான். வெளியே வந்து துண்டை அவிழ்த்துவிட்டு, "இதுக்குள்ள உன்னால எப்படி வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுது?" என்றான்.

"கட்டிக்கிட்டா உங்களுக்கும் ஒரு துண்டு தரேன்" என்றாள்.

அவன் அம்மா பெண் பார்க்க வந்தபோது அவள் காலைப் பார்த்துவிட்டு, இது வயலுக்குப் போகிற கால் மாதிரி இல்லையே என்றாள். பிறகு உள்ளங்கையைத் தடவிப் பார்த்துச் சரி என்றாள். மாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு முடிந்தது.

தை அறுப்பு வந்தது. கூலிநெல்லைக் கூட்டிக் கேட்டோம். மிராசுதார்கள் கூடிப் பேசி, முடியாது என்றார்கள். வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுப்போம் என்றார்கள். சங்கம் வேலைநிறுத்தம் சொன்னது.

அன்றைக்குக் கிடங்கில் சட்டம் பாதியில் நின்றது. அந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி உருளை. இதை முடித்தால்தான் பலூனில் ஏறும். அதற்கு முன் சுற்றியதில் ஒன்று சரியாக ஒட்டவில்லை, ஒன்று பெட்டியில் போகும்போதே தளர்ந்துவிட்டது. ராத்திரிக்குக் கண்ணாடிப் பெட்டியை மூடி வைப்போம். ஓரிரு நாள் தாங்கும். அதற்கு மேல் விட்டால் பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் சட்டம் நீண்டு சுருங்கும். கம்பி அங்கங்கே தளரும். தூசி இறங்கும். இறங்கினால் துடைக்க முடியாது. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கொடிக்கம்பத்தடியில் கூட்டம். என் வீட்டுக்காரர்தான் சொன்னார். நாளைக் காலையிலிருந்து பண்ணைவீட்டுப் படியை ஒருத்தரும் மிதிக்கக்கூடாது. வயல், களம், மாட்டுக்கொட்டகை, வீட்டுவேலை எதுவும் கிடையாது. பெண்கள் பக்கத்திலிருந்து என் தங்கை எழுந்தாள்.

"மாமா, கம்பி பாதியில நிக்குது."

சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, "உன் கம்பி தளர்ந்தா எவ வீட்டுல உலை கொதிக்காது?" என்றாள்.

தங்கை உட்காரவில்லை.

"நட்டுக்கிட்டிருக்குற வயலைப் பாதியில விட்டுட்டு ஏறுவோமா? போன வருஷம் நடவுல வேலைய நிறுத்துனமே, அப்ப என்ன செஞ்சோம்?"

அது உண்மை. எங்கள் பக்கம் அப்படி ஒரு கட்டு உண்டு. நாற்றைப் பறித்துப் போட்டு நடவு ஆரம்பித்த வயலை முடித்துவிட்டுத்தான் கரையேறுவோம். சண்டை மிராசுதாரோடு, நாற்றோடு இல்லை. பறித்த நாற்று வெயிலில் கிடந்தால் செத்துவிடும். வேலைநிறுத்தம் என்றால் அடுத்த வயலிலிருந்துதான். இந்தக் கட்டு சங்கம் வருவதற்கு முன்னாலேயே இருந்தது. சங்கமும் அதை மாற்றவில்லை.

"அது பயிரு புள்ள" என்றார் எங்கள் பெரியப்பா முறைக்காரர் ஒருவர். "நீ வானத்துக்கு வேலி அடைக்கிற. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"பாதியில விட்டா சாகுறது ரெண்டும்தான் பெரியப்பா."

பேச்சு வளர்ந்தது. கம்பியும் வயலும் ஒன்றா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் நல்லவர்தான், முடித்துவிட்டு வரட்டும் என்றும் ஒருவர் சொன்னார். நல்லவன் வீட்டுக்கு ஒரு படி, கெட்டவன் வீட்டுக்கு ஒரு படியா என்று இன்னொருவர் கேட்டார். என் வீட்டுக்காரர் கையை விரித்தார். என் வீட்டுப் பிள்ளை, நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றார். வட்டாரத்து ஆள் என்று மாப்பிள்ளைப் பையன் அங்கே வந்திருந்தான். அவனைக் கேட்டார்கள்.

அவன் அவளைப் பார்த்துத்தான் பேசினான்.

"பயிரை விடக்கூடாதுன்னா, நாளைக்கு அதுல நமக்கும் சோறு இருக்கு. இதை யாரு திங்கப்போறா?"

"யாரும் இல்ல."

"அப்புறம்?"

"நான் இறங்கிட்டேன்."

கையைத் தூக்கச் சொன்னார்கள். போகக்கூடாது என்று தூக்கிய கைகள்தான் அதிகம். எண்ணவே வேண்டியிருக்கவில்லை. நானும் தூக்கினேன். என் வீட்டுக்காரர் தலைவர். என் கை வேறு எங்கே போகும்.

கூட்டம் கலைந்த பிறகு பையன் எங்கள் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. அவளைக் கூப்பிட்டுச் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. நாளைக்கு அவள் படியேறினால் மாசியில் கல்யாணம் இல்லை. ஊர் ஊராகப் போய் ஒருத்தரும் வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்கிறவன், வேலைக்குப் போனவளைக் கட்டிக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பது என்று கேட்டான்.

"நாலு நாளு வேலைதான்" என்றாள்.

"நாலு நாளுதான். இருந்துடு."

அவன் கொஞ்ச நேரம் நின்றான். சைக்கிளை எடுத்தான்.

அன்றைக்கு அவளோடு நான் பேசினேன். அதிகம் பேசவில்லை. பையன் நல்ல பையன், இப்படி இன்னொருத்தன் கிடைக்க மாட்டான் என்றேன். தெரியும் என்றாள். பிறகு ஏன் என்றேன்.

"அவரைக் கட்டிக்கணும்னுதான் இருக்கு. ஆனா அது அங்க நிக்குதுக்கா. நான் இங்க உக்காந்திருந்தாலும் அதைத்தான் நினைச்சுக்கிட்டிருப்பேன்."

காலையில் எழுந்து கூந்தலை முடித்தாள். துண்டை எடுத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

"போறதுன்னா போ. முடியுற வரைக்கும் இங்க வராத. எனக்கு வேற வழி இல்ல."

"சரி மாமா."

ஒரு போர்வையும் ஒரு சொம்பும் கொடுத்தேன். தெருவில் எல்லாரும் நின்றார்கள். அவள் நடுவில் நடந்து போனாள். அவளுக்கு வாய் உண்டு என்று சொன்னேன். அன்றைக்கு வந்த கேலிக்கு எதற்கும் அவள் திருப்பிச் சொல்லவில்லை. கருங்காலி என்று ஒருத்தி சொன்னாள். குழாயடியில் என் தங்கையோடு அதிகம் சிரித்தவள் அவள்தான்.

நான் போகவில்லை. என் இடத்தில் சார் உட்கார்ந்து சக்கரத்தைத் திருப்பினார் என்று பிறகு சொன்னாள். கை நடுங்கினாலும் சக்கரம் திருப்ப முடியும். கம்பி பிடிக்கத்தான் முடியாது.

மூன்றாம் நாள் லாரியில் வெளியூர் ஆட்கள் வந்தார்கள். பின்னாலேயே போலீஸ் வேன். நாங்கள் பெண்கள் வரப்பில் கைகோத்து நின்றோம். ஆண்கள் வயலுக்குள் நின்றார்கள். முதலில் பேசினார்கள். பிறகு அடித்தார்கள். பயிர் சாய்ந்து கிடந்த இடத்தில் ஆட்களும் கிடந்தார்கள். என் வீட்டுக்காரருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மாப்பிள்ளைப் பையனை வேனில் ஏற்றும்போது முகம் முழுக்க ரத்தம். என்னைப் பார்த்தான்.

அந்த வயலுக்கும் கிடங்குக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். கூப்பிட்டால் கேட்கும்.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்தாள். கம்பி முடிந்துவிட்டது. பசையும் போட்டாகிவிட்டது. என் வீட்டுக்காரரும் மற்றவர்களும் ஜெயிலில். வீட்டில் நான் மட்டும். போர்வையை மடித்து வைத்தாள். சொம்பைக் கழுவினாள். நான் சோறு போட்டேன். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சத்தம் கேட்டுச்சுக்கா" என்றாள். "கையை எடுத்தா தளர்ந்துடும்."

அதற்குப் பிறகு அவள் வாழ்நாளில் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

சார் சட்டத்தைப் பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினார் என்றார்கள். கூலி ஓரளவு கூடியது. கேட்டது கிடைக்கவில்லை. ஜெயிலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான். அவர் அவளைத் திட்டியதில்லை. தெருவில் அவளிடம் நெருப்பு வாங்க, தண்ணீர் வாங்க ஆள் வரப் பங்குனி ஆனது.

மாசி பிறந்ததும் நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடந்தேன். பையனின் அம்மா என்னை உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். அவளுக்கும் என் தங்கையை விட மனசில்லை. மகன்தான் சொல்ல வேண்டும் என்றாள். அவன் வந்தான். நெற்றியில் தையல் போட்ட வடு. நான் கேட்டேன். அவள் செய்தது தப்புதான், சின்னப் பெண், நீங்கள் கோபத்தை விடுங்கள் என்றேன்.

"கோவமெல்லாம் இல்லங்கக்கா" என்றான். "நாளைக்கு இன்னொரு போராட்டம் வரும். அன்னைக்கும் உங்க தங்கச்சி எதுலயாவது இறங்கித்தான் இருக்கும். அதால பாதியில ஏற முடியாது. எனக்கு ஏறித்தான் ஆகணும்."

டீயைக் குடித்துவிட்டு வந்தேன். வீட்டில் அவள் வாசலில் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

சித்திரையில் சார் எங்கள் தெருவுக்கு வந்தார். பண்ணைவீட்டிலிருந்து ஒருவர் எங்கள் தெருவுக்குள் காலால் நடந்து வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். என் வீட்டுக்காரர் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டார். சார் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரரின் தோளைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவளிடம்தான் சொன்னார். பலூன் போனது. நல்ல உயரம் போனது. ஆனால் அந்தச் சூட்டை அறிகிற சாமானைக் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு திரவம் ஊற்றி வைத்திருந்தார்கள். அது வழியில் கசிந்துவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது பார்க்கிற சாமானுக்குக் கண் இல்லை. ஒன்றும் பதியவில்லை.

"நம்ம சட்டம்?" என்றாள்.

"அதுக்கு ஒண்ணுமே ஆகலீங்க. போன மாதிரியே திரும்பி வந்துச்சு. ஒரு கம்பிகூடத் தளரலை."

அவள் தலையாட்டினாள்.

"மறுபடி அனுப்புவாங்களா?"

"கேட்டிருக்கேன். தெரியலீங்க."

அவர் நிலத்தையெல்லாம் விட்டுவிடப் போவதாகச் சொன்னார். கேஸில் ஜெயித்தாலும் தோற்றாலும் வேண்டாம், வடக்கே போய்விடுகிறேன் என்றார். அங்கே இந்த வேலைக்கு இடம் இருக்கிறது. அவளுக்கு உத்தியோகம் வாங்கித் தர முடியும். தங்க இடம் உண்டு. வேறு பெண்களும் இருக்கிறார்கள். உங்களுக்குச் சம்மதமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர், அது அவள் இஷ்டம் என்றார். நான் அவளைப் பார்த்தேன். போ என்று சொல்லத்தான் நினைத்தேன். போனால் அவள் திரும்ப மாட்டாள் என்றும் தெரிந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சார் புறப்படும் வரை அவள் சொல்லவில்லை. அவர் ஆனியில் புறப்பட்டார். ஆள் அனுப்பிக் கேட்டார். வரவில்லை என்று சொல்லியனுப்பினாள்.

ஏன் என்று கேட்டேன்.

"அவருக்கு இன்னும் எங்கயும் பேசலையாம்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பையனுக்கு வேறு பெண் பார்க்கவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு இவள் இருந்திருக்கிறாள். நடவுக்கு இறங்கினாள். எல்லாருடனும் நட்டாள். கேலி செய்தால் கேலி செய்தாள். சைக்கிள் மணி கேட்டால் மட்டும் நிமிர்வாள். அவன் கூட்டத்துக்கு வருவான். எல்லாரையும் போல அவளிடமும் நல்லா இருக்கியா என்று கேட்பான். நல்லா இருக்கேன் என்பாள். அந்த இரண்டு வார்த்தையில் அவள் ஒரு வாரம் ஓட்டுவாள்.

ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். மன்னார்குடிப் பக்கத்துப் பெண். சங்கத்துப் பெண்தான். தை மாசம் அவள் ஊர் வரப்பிலும் பெண்கள் நின்றார்களாம், முதல் ஆளாக அவள் நின்றாளாம். ஐயர் இல்லை, மேளம் இல்லை. பந்தல் போட்டு, கொடி கட்டி, மாலை மாற்றுகிற கல்யாணம். எங்கள் தெருவுக்கே அழைப்பு. அவனே வந்து அழைத்தான். எங்கள் வீட்டு வாசலிலும் நின்று, எல்லாரும் வந்துடுங்க என்றான். அவள் உள்ளேயிருந்து, வரோம் என்றாள்.

நீ இரு, நாங்கள் போய்விட்டு வருகிறோம் என்று அவளிடம் சொன்னேன். ஏன், எனக்கு என்ன என்றாள். தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். பெண்கள் பக்கத்தில் நடுவரிசையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாலை மாற்றினார்கள். எல்லாரும் கைதட்டினோம். அவளும் தட்டினாள்.

பிறகு வாழ்த்திப் பேசினார்கள். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவருக்குத் தோள் சரியாகக் கூடவில்லை. ஒரு கையால் மைக்கைப் பிடித்தார். தை மாசத்துப் போராட்டத்தைச் சொன்னார். அடிபட்டவர்களைச் சொன்னார். ஜெயிலைச் சொன்னார். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பேசினால் கேட்பார்கள்.

"மாப்பிள்ளையைப் பத்திச் சொல்லணும்னா, கட்டுப்பாடுன்னு வந்துட்டா தன்னோட சொந்த..."

அங்கே நின்றுவிட்டார். மைக் இரைந்தது. பெண்கள் பக்கம் பார்த்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் தங்கை நிமிர்ந்து மேடையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் மணமக்கள் வாழ்க என்றார். இறங்கி வந்துவிட்டார்.

பந்தியில் அவள் உட்காரவில்லை. பரிமாறுகிறவர்களோடு சேர்ந்துகொண்டாள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அவள்தான் சோறு போட்டாள். போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அவன் போதும் என்று கையை நீட்டினான். அவள் இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். மூன்று பேரும் நின்றுகொண்டே வந்தோம். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை. அவள் புடவையை மாற்றினாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

"எதுக்கு இப்ப?" என்றேன்.

"பசிக்குதுக்கா."

கஞ்சி வைத்தாள். துவையல் அரைத்தாள். எங்களையும் கூப்பிட்டாள். வேண்டாம் என்றோம். அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். நிதானமாகச் சாப்பிட்டாள். பானையில் இருந்தது முழுக்க ஊற்றிச் சாப்பிட்டாள். பிறகு பானையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு இடம் வந்தது. வேண்டாம் என்றாள். நாங்களும் விட்டுவிட்டோம்.